எதற்கும் ஓம் என்பவன்

தோட்டம் என்று பெயர்தான். கொட்டாஞ்சேனையில் அந்த ஒழுங்கைக்குள் ஒரு கீரைப்பாத்தி போடக்கூட இடம் கிடையாது. நாற்பத்திரண்டு வீடு, நாலு கக்கூஸ், ஒரு தண்ணீர்ப் பைப், அவ்வளவுதான் தோட்டம். பைப்பில் விடியப்புறமும் பின்னேரம் ஐந்து மணிக்கும் நூல் மாதிரித் தண்ணீர் வரும். அந்த நூலை இழுத்துத் தொட்டியில் ஏற்றுவதற்கு வீட்டுக்கு வீடு காசு போட்டு ஒரு மோட்டர் வாங்கிப் பூட்டியிருந்தார்கள். பங்குனி மாதத்து வெக்கையில் ஒரு வியாழக்கிழமை, நலன்புரிச் சங்கத் தலைவி றஞ்சிதம் சுவிட்சைப் போட வந்தபோது மோட்டர் இருந்த இடத்தில் நாலு ஆணித் துளை மட்டும் இருந்தது.

கொண்டு போனதைக் கண்ட ஆட்கள் இல்லாமல் இல்லை. பகல் இரண்டு மணிக்கு, சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்த ஐறீனின் மகன் பேர்னாட் மோட்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒழுங்கை முனைக்குப் போனதை மூன்று பேர் கண்டிருக்கிறார்கள். மூன்று பேரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருத்தக் கொண்டுபோகிறான் என்று நினைத்தார்களாம். மோட்டர் போன பிறகு மட்டும் மூன்று பேருக்கும் கண் நன்றாகத் தெரிந்தது.

பேர்னாட் ஒளிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஒரு ஓட்டோவில் ஒரு ஆள் வந்தார், ஆணியைக் கழற்றினார், "தம்பி, இதைக் கொஞ்சம் தூக்கி வையும்" என்று சொன்னார், தூக்கி வைத்தேன், போய்விட்டார். அவ்வளவுதான் அவன் கதை. இருபத்து மூன்று வயது, நல்ல தோள், ஒரு மூட்டை அரிசியை ஒற்றைக் கையால் தூக்குவான். யார் எதைத் தூக்கச் சொன்னாலும் தூக்குவான்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஆளாளுக்கு அவனை விசாரிக்கத் தொடங்கினார்கள். அந்த ஆள் சிவப்புச் சட்டையா என்று ஒருவர் கேட்டார். ஓம் என்றான். இல்லையே, கறுப்பு என்றல்லவா சொன்னாய் என்று மற்றவர் மடக்கினார். ஓம், கறுப்பு என்றான். மீசை இருந்ததா? ஓம். இல்லாமலும் இருந்ததா? அதற்கும் ஓம். சங்கத்துச் செயலாளர் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்து பென்சன் எடுத்தவர், எதையும் எழுத்தில் வைப்பவர். ஒரு கொப்பியில் பேர்னாட் சொன்னதையெல்லாம் எழுதி, கடைசியில் கோடு போட்டு, முன்னுக்குப் பின் முரண் என்று முடித்தார். பொய் சொல்லுகிறான் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

பொய் சொல்லவும் கொஞ்சம் மூளை வேண்டும் என்று ஐறீனுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஒரு பொய்யை நாளைக்கும் ஞாபகம் வைத்திருக்கிற மூளை. அது அவனிடம் இல்லை. கேட்கிறவர் முகத்தைப் பார்ப்பான், அந்த முகத்துக்கு என்ன பதில் பிடிக்கும் என்று தேடுவான், அதைக் கொடுப்பான். கொடுத்தபிறகு அதுதான் நடந்தது என்று அவனே நம்புவான்.

ஐறீன் இடியப்பம் அவித்து விற்கிறவள். விடியுமுன் மாவைக் குழைத்து உரலில் பிழியத் தொடங்கினால் ஆறரைக்குள் முந்நூறு இடியப்பம், ஒரு சட்டி சொதி, ஒரு கிண்ணம் சம்பல். கொதிநீர் கொஞ்சம் ஆறினால் மாவு கட்டிபடும், கூடினால் களியாகும். இருபது வருடப் பழக்கத்தில் மாவைப் பார்க்காமலே கை சொல்லிவிடும். பேர்னாட் தட்டுகளை அடுக்குவான். பத்துத் தட்டு அடுக்கியதும் அடுப்பில் வைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு நாளும் புதிதாகச் சொல்ல வேண்டும். நேற்று சரியாகச் செய்தானே என்பது இன்றைக்கு எடுபடாது. சொன்னால் அழகாகச் செய்வான். "சொன்னனான்தானே" என்று எரிந்து விழுந்தால் தட்டோடு நின்றுவிடுவான். அவள் பல நாள் எரிந்து விழுந்திருக்கிறாள். ஒரு நாள் கரண்டியாலும் அடித்தாள். அந்தத் தழும்பு அவன் முழங்கையில் இருக்கிறது. யார் அடித்தது என்று கேட்டால் விழுந்தேன் என்பான்.

ஏழு மணிக்கு அவன் ஷிப்லியின் கடைக்குப் போவான். ஷிப்லி பழைய போத்தலும் இரும்பும் வாங்கி விற்கிறவர். பின்வளவில் தொட்டி வைத்து, வருகிற போத்தல்களைக் கழுவி லேபல் உரிக்கிற வேலை பேர்னாட்டுக்கு. பள்ளிக்கூடம் மூன்று மாறினான். பேக்கரி, லோண்டரி, அச்சுக்கூடம் என்று ஆறு இடம் போய் ஆறிலும் ஒரு மாதம் தாண்டவில்லை. போத்தல் கழுவுகிற இந்த வேலையில்தான் பதினான்கு மாதம் நின்றான். அதைப்பற்றி ஐறீன் யாரிடமும் பெருமையாகப் பேசமாட்டாள், கண்பட்டுவிடும் என்ற பயம்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஷிப்லியே வாசலுக்கு வந்துவிட்டார். தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"ஐறீன் அக்கா, பேர்னாட் களவெடுத்தாரெண்டு நான் செல்லல்ல. ஆனா நான் பழைய இரும்பு வாங்குற ஆள். மோட்டர் காணாமப் போனா மொதல்ல என்ட கடையத்தான் தேடுவாங்க. சங்கத்து ஆக்கள் இத ஒரு முடிவுக்குக் கொண்டு வரட்டும். அது வரைக்கும் அவர் ஊட்டுல ஈக்கட்டும்."

அவரைக் கோபிக்க முடியவில்லை. மூலைக்கு மூலை சோதனைச்சாவடி இருந்த யுத்த காலம். தமிழ்ப் பெடியன் ஒருவனின் பெயர் பொலிஸ் புத்தகத்தில் ஏறினால் மோட்டரோடு முடியாது. பேர்னாட்டின் அடையாள அட்டை தொலைந்துபோகாமல் இருக்க ஒவ்வொரு சட்டைக்கும் உள்ளுக்குள் பை தைத்துக் கொடுத்திருந்தாள் ஐறீன். பொலிசுக்குப் போவதில்லை என்று றஞ்சிதம் முடிவெடுத்தபோது தோட்டமே நிம்மதிப்பட்டது. அதற்குப் பதிலாக அவள் வேறொரு வழி சொன்னாள்.

ஒழுங்கை முனையில் கண்ணாடிக் கூட்டுக்குள் புனித அந்தோனியார் இருக்கிறார். மோதிரம் தொலைந்தாலும் கோழி தொலைந்தாலும் தோட்டத்து வழக்கு அவர் முன்னால்தான். செவ்வாய்க்கிழமை பின்னேரம் மெழுகுதிரி கொளுத்தி, சந்தேகப்பட்ட ஆள் கண்ணாடியில் கைவைத்து, நான் எடுத்தேன் அல்லது எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். கிறிஸ்தவர், சைவக்காரர் என்ற பேதமில்லை. இல்லை என்று சொன்னவரை அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஓம் என்றவர் அந்த ஒழுங்கையில் அதற்குப் பிறகு எது காணாமற் போனாலும் கள்ளன்தான். முன்பு ஒரு கொத்தனார் ஓம் சொன்னார், மூன்று மாதத்தில் குடும்பத்தோடு தெமட்டகொடைக்குப் போய்விட்டார். இந்த ஏற்பாட்டில் ஒரேயொரு ஓட்டை, கைவைக்கிற ஆளுக்கு இல்லை என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அப்படித் தெரியாத ஒருவன் தங்கள் ஒழுங்கையிலேயே இருப்பான் என்று யாருக்கும் தோன்றவில்லை. வெள்ளை மனசுக்காரன், அந்தோனியாருக்கு முன்னால் உள்ளதைச் சொல்லிவிடுவான் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். இரக்கத்தோடுதான் பேசினார்கள், அதுதான் ஐறீனுக்குப் பொறுக்கவில்லை.

சனிக்கிழமை அவள் வெள்ளவத்தைக்குப் போனாள். அங்கே ஒரு டியூசன் கொட்டிலில் மாதத்தில் ஒரு தரம், இப்படிப் பிள்ளைகள் உள்ள தாய்மார் கூடுவார்கள். நடத்துகிறவள் பைறோஸா, ஆஸ்பத்திரியில் நேர்சாக இருந்து ஓய்வுபெற்றவள். இரத்மலானை பஸ்ஸில் வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தால் ஒரு பிளேன்டீ, இரண்டு பிஸ்கட், சுவரில் கலர் பேனையால் எழுதிய சாட். ஐறீனுக்கு அந்த இடத்தில் பாதி ஆறுதல், பாதி எரிச்சல். மற்றத் தாய்மார் கடவுள் தந்தது என்று சொல்லி அழலாம். அவளால் அப்படி அழ முடியாது. அவளுடைய பிள்ளைக்கு வந்தது எங்கிருந்து என்று அந்த அறையில் பைறோஸாவுக்கு மட்டும் தெரியும்.

ஐறீன் வயிற்றில் பிள்ளையோடு மெலிந்து வெளிறிப் போயிருந்த நேரம், புருஷன் கப்பலில் இருந்தான். இரத்தம் ஊறும் என்று சொல்லிப் புருஷனின் தமக்கை, இதே றஞ்சிதம், ஒவ்வொரு பின்னேரமும் ஒரு கிளாஸ் கறுப்பு பியருக்குள் முட்டை அடித்துக் கொண்டுவந்து பக்கத்தில் நின்று குடிக்க வைத்தாள். அந்த நாளில் அப்படித்தான், நாலு வீட்டில் இரண்டு வீட்டுக் கர்ப்பிணிகள் குடித்தார்கள். ஐறீன் ஒரு கிளாசோடு நிற்கவில்லை. புருஷனின் கடிதம் நின்றது, ஆள் ஏதோ துறைமுகத்தில் இறங்கி வேறு குடும்பமாகிவிட்டான் என்று செய்தி வந்தது. முதலில் இரண்டு கிளாஸ் ஆனது. பிறகு ஒழுங்கையின் பின்பக்கம் விற்ற கள்ளச்சாராயம், கசிப்பு. பிள்ளை பிறக்கிற அன்று காலையிலும் குடித்திருந்தாள். பேர்னாட்டுக்கு மேலுதட்டுக் குழி இல்லாமல் வழுவழுவென்று இருப்பதை முதன்முதலில் ஒரு டொக்டர் விரலால் தொட்டு, தாய் குடித்ததன் அடையாளம் இது என்று காட்டியபோது அவனுக்கு வயது பதினாறு. குடிப்பதை அவள் எப்போதோ விட்டிருந்தாள். ஆனால் தோட்டத்தில் அவள் சொல்லி வைத்திருந்த கதை, ஒரு வயதில் காய்ச்சல் மூளைக்கு ஏறியது என்பது.

பைறோஸா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தன் வழக்கமான பேச்சையே பேசினாள். பேர்னாட்டுக்கு மருந்து கிடையாது, சுற்றி நிற்கிற ஆட்கள்தான் மருந்து. கடையில் ஒருவர், ஒழுங்கையில் ஒருவர், வீட்டில் ஒருவர், எல்லோரும் ஒரே மாதிரிச் சொல்லிக் கொடுத்தால் அவன் நன்றாக இருப்பான். ஐறீன் ஒருத்தி எத்தனை காலத்துக்கு? அதற்கு அவர்களுக்கு உண்மை தெரிய வேண்டும். அவன் குறையை எழுதி ஒரு அட்டை அடித்துத் தருகிறேன், கழுத்தில் போட்டுவிடுங்கள் என்றும் சொன்னாள்.

"அட்டை நாய்க்குப் போடுறது" என்றாள் ஐறீன்.

பைறோஸா கோபிக்கவில்லை. "அப்ப நீங்களே வாயால செல்லுங்க. காய்ச்சலெண்டு நீங்க செல்ற வரைக்கும் அவங்க சொகமாகும் சொகமாகும் எண்டு பாத்துக்கொண்டுதான் ஈப்பாங்க. மூளை அப்பிடித்தான் அமைஞ்சி ஈக்கி எண்டு தெரிஞ்சாத்தான் அவங்க தங்கட நடப்ப மாத்துவாங்க."

"நான் சொன்னா ஒருத்தரும் அவனைப் பாக்கமாட்டினம், மிஸ். என்னைத்தான் பாப்பினம்."

"பாக்கட்டுமே" என்றாள் பைறோஸா. சொல்லுகிறவளுக்கு லேசு. கொட்டாஞ்சேனையில் இடியப்பம் விற்றுப் பிழைப்பவள் அவள் இல்லையே என்று நினைத்துக்கொண்டே ஐறீன் பஸ் ஏறினாள்.

திங்கட்கிழமை பின்னேரம் றஞ்சிதத்தின் வீட்டுக்குப் போனாள். இரண்டு பேரும் ஒரே ஒழுங்கையில் இருபத்தைந்து வருடம். றஞ்சிதம் கெட்டவள் அல்ல. தம்பி விட்டுப்போன பெண் என்று ஐறீனுக்கு அரிசி கொடுத்திருக்கிறாள், பேர்னாட்டின் ஞானஸ்நானத்துக்குச் சட்டை தைத்தவளும் அவள்தான். மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். ஐறீன் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"மச்சாள், நாளைக்கு அவனை அங்க நிப்பாட்டாதேங்கோ. அவன் ஓம் எண்டுதான் சொல்லுவான். நீங்கள் என்ன கேட்டாலும் ஓம் எண்டுவான்."

"எடுக்காதவன் ஏன் ஓம் எண்டு சொல்லப்போறான்? நீ பிள்ளையை மூடி மூடி வைச்சுத்தான் அவன் இப்பிடி. நாலு பேருக்கு முன்னால நிண்டு பதில் சொல்லப் பழகட்டும்."

"பழக ஏலாது. அது காய்ச்சலால வந்ததில்லை. உங்களுக்குத் தெரியும்."

றஞ்சிதத்தின் கத்தி நின்றது. "எனக்கு என்ன தெரியும்?"

"நான் குடிச்சது தெரியும். முதல் கிளாஸை ஆர் ஊத்தித் தந்தது எண்டும் தெரியும்."

வாளைமீனின் செட்டையை ஒரே வெட்டில் வெட்டிவிட்டு றஞ்சிதம் நிமிர்ந்தாள். "நான் தந்தது மருந்து, ஐறீன். என்ர அம்மாவும் குடிச்சவ, நானும் குடிச்சனான். என்ர மூண்டும் நல்லாத்தானே இருக்குதுகள். பிறகு நீ பின்னால போய்க் குடிச்சது உன்ர குடி. அதைக் கொண்டுவந்து என்ர தலையில கட்டாதை."

சொன்னது முழுக்கப் பொய்யுமில்லை. நாளைக்கு நாலரைக்கு வந்துவிடு, ஐந்து மணிக்குத் தண்ணீர் வந்துவிடும் என்று றஞ்சிதம் சொல்லி அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்து பேர்னாட்டுக்குச் சொல்லிக் கொடுக்கப் பார்த்தாள். நாளைக்கு றஞ்சிதம் மாமி கேட்பா, நீ இல்லை என்று சொல்ல வேண்டும். பேர்னாட் ஓம் என்றான். இருபது தரம் சொல்ல வைத்தாள். இருபத்தோராவது தரம் றஞ்சிதம் மாதிரிக் குரலை உயர்த்திக் கேட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான், "ஓம் மாமி, நான்தான்" என்றான். அவளுக்கு அவனை அடிக்கக் கை எழுந்தது. அந்தக் கையால் தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை நாலரைக்கு ஒழுங்கை முனையில் ஐம்பது பேர் நின்றார்கள். வெயில் சாய்ந்தும் தார் கொதித்தது. எல்லோர் கையிலும் வாளியும் தண்ணீர்க் கானும். வழக்கு முடிந்ததும் நேரே பைப்புக்குப் போகிற ஆயத்தம். செயலாளர் கொப்பியோடு நின்றார். ஷிப்லி கொஞ்சம் தள்ளி, லயிட் கம்பத்தடியில் நின்றார். பேர்னாட் முழுகித் தலைசீவி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தான். தனக்கு ஏதோ பரிசு கொடுக்கப்போகிறார்கள் என்ற மாதிரி எல்லோரையும் பார்த்துச் சிரித்தான். றஞ்சிதம் மெழுகுதிரியைக் கொளுத்தினாள்.

"பேர்னாட், வா ராசா. கண்ணாடியில கையை வை."

அவன் கையை வைத்தான். அவள் வாயைத் திறப்பதற்கு முன் ஐறீன் நடுவில் வந்து நின்றாள்.

"அவனைக் கேக்காதேங்கோ. பொய் சொல்லத் தெரிஞ்ச ஆக்களைத்தான் இங்க கொண்டுவந்து கேக்கவேணும். இவனுக்கு அது தெரியாது. இல்லை எண்டும் சொல்லத் தெரியாது. காய்ச்சல் எண்டு நான் சொன்னதெல்லாம் பொய். இவன் வயித்தில இருக்கேக்க நான் குடிச்சனான். ஒவ்வொரு நாளும் குடிச்சனான். அதில இவன்ர மூளை இப்பிடித்தான் உருவாச்சு. இது சுகமாகாது. இவன் களவெடுக்கேல்ல, ஒருத்தன் தூக்கச் சொன்னான், தூக்கினவன்."

எல்லோரும் ஒன்றாகத் தொடங்கினார்கள். பெற்ற தாயா இவள் என்று ஒரு குரல். இவ்வளவு காலமும் இவள் கையால்தானே சாப்பிட்டோம் என்று இன்னொரு குரல். வயதானவள் ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். ஐறீன் நினைத்தபடியே நடந்தது. ஐம்பது பேரில் ஒருவரும் பேர்னாட்டைப் பார்க்கவில்லை, மோட்டரையும் மறந்துவிட்டார்கள்.

ஐறீன் றஞ்சிதத்தைப் பார்த்தாள். அந்த நேரத்தில் றஞ்சிதம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவள் காற்றுக்கு அணையாமல் மெழுகுதிரியைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தாள், காற்றே இல்லாத பின்னேரத்தில். அவள் பெயரை ஐறீனும் இழுக்கவில்லை. இழுத்தால் இது இரண்டு பெண்களின் சண்டையாகிவிடும், பிள்ளையை இன்னும் ஒருதரம் மறந்துபோவார்கள்.

செயலாளர் கொப்பியை விரித்து, கச்சேரிக் குரலில் கேட்டார். "அப்ப, இந்தப் பிள்ளையின்ர மூளையைப் பழுதாக்கினது ஆர்?"

கேட்டது ஐறீனை. ஆனால் பேர்னாட்டின் கை இன்னும் கண்ணாடியில்தான் இருந்தது. அம்மாவைச் சுற்றிக் கோபமான முகங்கள், யார் என்று ஒரு கேள்வி. அவனுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும்.

"நான்தான்" என்றான். "நான்தான் பழுதாக்கினனான். அம்மா ஒண்டும் செய்யேல்ல. அம்மாவைப் பேசாதேங்கோ."

செயலாளர் எழுதாமலே கொப்பியை மூடினார். சிலுவை போட்டவள் தலையைக் குனிந்தாள். றஞ்சிதம் மெழுகுதிரியைக் கூட்டின் ஓரத்தில் வைத்தாள். வைக்கையில் உருகிய மெழுகு அவள் விரலில் கொட்டியது. அதைத் துடைக்காமலே, கையை எடு ராசா என்று சொல்லிப் பேர்னாட்டின் கையை அவளே எடுத்துவிட்டாள். முதல் கிளாஸைப் பற்றி அவள் சொல்லுவாள் என்று ஐறீன் இன்னும் கொஞ்சநேரம் காத்திருந்தாள்.

தோட்டத்துக்குள் இருந்து யாரோ தண்ணீர் வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். அவ்வளவுதான், ஐம்பது பேரும் வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மன்னிப்புக் கேட்கவும் ஒருவருமில்லை, ஏசவும் ஒருவருமில்லை. நாளைக்கு இடியப்பம் எத்தனை விலைப்படும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவ்வளவையும் வாய்விட்டுச் சொல்லி இதுதானா கிடைத்தது என்று நெஞ்சு எரிந்தது.

லயிட் கம்பத்தடியில் ஷிப்லி மட்டும் நின்றார். கிட்ட வந்து, பேர்னாட்டின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவளிடம் கதைத்தார்.

"நாளைக்கி அனுப்புங்க. ஆனா எனக்கு ஒண்டு வெளங்கப்படுத்துங்க அக்கா. நானும் பல நாள் இவரை ஏசி ஈக்கிறேன். எப்பிடிச் சென்னா இவருக்கு வெளங்கும்?"

ஐறீனுக்கு அழுகை வரவில்லை, பொல்லாத கோபம்தான் வந்தது. மூன்று பள்ளிக்கூடத்து ரீச்சர்மார், ஆறு முதலாளிமார், இந்த ஒழுங்கை முழுக்க. என்ன நோய் என்று கேட்டார்கள். எப்போது சுகமாகும் என்று கேட்டார்கள். யாரில் பிழை என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியை ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லையே. இது என்ன பெரிய கேள்வியா, இவ்வளவு காலமும் எங்கே போயிருந்தார்கள் என்று அந்தத் தெருவில் நின்று கத்த வேண்டும் போலிருந்தது. குரலை அடக்கிச் சொன்னாள்.

"ஒரு நேரத்தில ஒரு வேலைதான் சொல்லுங்கோ. ரெண்டு சொல்லாதேங்கோ. செய்து முடிச்சானோ எண்டு கேக்காதேங்கோ, ஓம் எண்டுவான். போய்ப் பாருங்கோ. அடுத்த நாளும் அதையே சொல்லுங்கோ. முதல் நாள் சொன்ன மாதிரியே, கோபிக்காமல் சொல்லோணும்."

ஷிப்லி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, வியாபாரிதானே, கேட்டார்.

"அப்பிடி எத்தின நாளைக்கிச் செல்லோணும்?"

"நான் இருபத்து மூண்டு வருஷமாச் சொல்லுறன்" என்றாள் ஐறீன்.